வேர் கொடுத்த மிஸ்டு கால்

ஒரு தீப்பெட்டியைக் கையில் எடுங்க பாஸ். (ஹாஸ்டல் ரூமில் தீப்பெட்டி எதுக்குன்னு வார்டன் கேட்டா, கொசுவத்திக்குன்னு சொல்லிடுங்க.) குச்சியைத் தொட வேண்டாம். பெட்டியின் பக்கவாட்டில் செம்பழுப்பாக ஒரு பட்டை இருக்கு இல்லையா, அதை மட்டும் பாருங்க. அதில் இருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். குச்சி முனையில் இருக்கிற மருந்தும் இந்தப் பாஸ்பரஸும் ஒரே பெட்டியில் வருஷக்கணக்கில் பக்கம் பக்கமா கிடந்தாலும் ஒண்ணும் நடக்காது. ஒரு உரசல் வேணும். அந்த ஒரு நொடி உரசலை நம்பித்தான் எங்க ஊர்ப்பக்கம் பல ஆயிரம் வீட்டில் அடுப்பு எரிஞ்சது. 1922-ல் சிவகாசியில் இருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்று ரெண்டு பேர் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மீதிக் கதை உங்களுக்கே தெரியும். தீப்பெட்டி, பட்டாசு, காலண்டர்.

இந்த வாரம் நான் சொல்லப் போறது வேறொரு உரசல். பாஸ்பரஸ்தான் அதிலும் ஹீரோ. ஆனா அது நடக்கிறது பெட்டிக்குள் இல்லை, காலுக்குக் கீழே, கரிசல் மண்ணுக்குள்ளே. ஒரு வேப்பமரத்தின் வேரும், கண்ணுக்கே தெரியாத ஒரு பூஞ்சையும் முதன்முதலாகச் சந்திக்கிற கதை. யார் முதலில் பேசினது, என்ன பேசினது, எப்படி நம்பி உள்ளே விட்டது... எல்லாம் இருக்கு. காதல் கதை மாதிரியே இருக்கும். ஆனா நடுவில் ஒரு வில்லியும் வருவாள்.

முதலில் என் சொந்த சோகத்தைச் சொல்லிடறேன்.

நான் காலேஜ் படிக்கும்போது என்.எஸ்.எஸ். கேம்ப். சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் ஒரு பொட்டல். கட்டடம் கட்ட மட்டம் பண்ணுறோம்னு பொக்லைனை விட்டு மேல் மண்ணை மொத்தமா வழிச்சுட்டாங்க. அப்புறம் கட்டடமும் வரலை. அந்த இடத்தில்தான் நாங்க நூறு வேப்பங்கன்று நட்டோம். பேனர், தொப்பி, போட்டோ, டீ, மிக்சர்... எல்லாம் ஜோர். நாங்க பாசக்காரப் பசங்க இல்லையா, கன்று சீக்கிரம் வளரட்டும்னு ஒவ்வொரு குழியிலும் கை நிறைய டி.ஏ.பி. உரம் வேற அள்ளிப் போட்டோம். அடுத்த வருஷம் போய்ப் பார்த்தா பத்துப் பன்னிரண்டுதான் நின்னுது. மிச்சமெல்லாம் விளக்குமாத்துக் குச்சி.

நின்ன கன்றுகள் எல்லாமே ஒரே ஓரத்தில், வாட்ச்மேன் தாத்தா செட்டுப் பக்கம் இருந்தவை. "என்ன தாத்தா பண்ணீங்க?"ன்னு கேட்டோம். "நான் என்னப்பா பண்ணேன்? அந்தா தெரியுதுல்ல பழைய வேப்பமரம், அதுக்கு அடியில நாலு கூடை மண்ணு வெட்டியாந்து போட்டேன். பழகின மண்ணுல்ல!" என்றார். அப்போ சிரிச்சுட்டு வந்துட்டோம். பழகின மண்ணு!

அந்த மண்ணுதான் காரணம்னு இப்பவும் நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். தாத்தா தினமும் ரெண்டு குடம் தண்ணியும் ஊத்தினார், ஆட்டை விரட்டினார். ஆனா அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குள் எவ்வளவு விஷயம் இருக்குன்னு பின்னாடி படிக்கும்போதுதான் புரிஞ்சது.

விஷயத்துக்கு வருவோம். செடிக்குப் பாஸ்பரஸ் ஏன் வேணும்? உங்க செல்லுக்குள் இருக்கிற டி.என்.ஏ.வின் முதுகெலும்பே பாஸ்பேட்தான். செல்லின் சில்லறைக் காசான ஏ.டி.பி.யிலும் அதுதான். அது இல்லாமல் ஒரு இலை கூட விரியாது. சரி, மண்ணில் இல்லையா? இருக்கு. ஆனா நம்ம கரிசல் மண்ணில் சுண்ணாம்புச் சத்து ஜாஸ்தி. அதில் இருக்கிற கால்சியம் பாஸ்பேட்டை இறுக்கிப் பிடிச்சு வச்சுக்குது. பேங்கில் பணம் இருக்கு, ஏ.டி.எம். கார்டு இல்லை. அந்த நிலைமை.

இன்னொரு கஷ்டம். நைட்ரேட் மாதிரி பாஸ்பேட் தண்ணியோடு ஓடி வராது. மண்ணோடு ஒட்டிக்கொண்டு நத்தை வேகத்தில் நகரும். வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் இருப்பதை உறிஞ்சி முடிச்சதும் அங்கே ஒரு வறண்ட வளையம் உண்டாகிடும். வளையத்துக்கு வெளியே பாஸ்பேட் கிடக்கு, வேருக்கு எட்டலை. அந்த இடத்தில்தான் பூஞ்சை தேவைப்படுது. அதன் இழை, நம்ம தலைமுடியைவிடப் பத்து மடங்கு மெல்லிசு. வேர் நுழைய முடியாத சந்துபொந்தில் எல்லாம் நுழைஞ்சு, சென்டிமீட்டர் கணக்கில் வெளியே போய், பாஸ்பேட்டை வாரிக்கொண்டு வந்து வேரிடம் கொடுக்கும். கூலியாக செடி தன் இலையில் சமைச்ச சாப்பாட்டைக் கொடுக்கும். சமைச்சதில் நூற்றுக்கு 4 முதல் 20 பங்கு வரை இந்தக் கூலிக்கே போகுது. சின்னத் தொகை இல்லைங்க.

இந்தக் கூட்டணிக்கு 'மைக்கோரைசா' என்று 1885-ல் பெயர் வைத்தவர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்கிற ஜெர்மானியத் தாவரவியல் பேராசிரியர். கிரேக்கத்தில் பூஞ்சை பிளஸ் வேர், அவ்வளவுதான் அர்த்தம். நம்ம வேளாண்மைப் பல்கலைக்கழகக்காரங்க 'வேர் உட்பூசணம்' என்பார்கள். உரக்கடையில் 'வேம்' என்று கேட்டால் கிடைக்கும். வேம்பு இல்லை, வேம்! உலகில் இருக்கிற செடிகொடி மரங்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் இந்த வேம் கோஷ்டியோடு கூட்டு வச்சிருக்கு. வேம்பு, புளி, கருவேலம், பருத்தி, சோளம், உளுந்து எல்லாமே. எனக்கு யாரும் வேண்டாம்னு தனியா நிக்கிறது முள்ளங்கி, கடுகு, முட்டைக்கோஸ் மாதிரி சில குடும்பங்கள்தான்.

சரி, வேர் ஒரு பக்கம் இருட்டில். பூஞ்சையின் ஸ்போர் ஒரு பக்கம் இருட்டில். ரெண்டுக்கும் கண்ணு இல்லை, காது இல்லை. எப்படி சந்திச்சுக்கிறாங்க?

இந்தப் புதிருக்கு விடை கிடைச்ச விதம்தான் சூப்பர். விடையை எடுத்துக் கொடுத்தது வேறு யாரும் இல்லை, நம்ம கரிசல் காட்டு ராணியான பருத்தி. ஆனா கதை தொடங்குவது ஒரு வில்லியிடம்.

சோளக்காட்டில், கரும்புத் தோட்டத்தில் 'சுடுமல்லி' என்று ஒரு களை வருமே, பார்த்திருக்கீங்களா? பேரு என்னமோ மல்லிதான். வேலை எல்லாம் திருட்டு. தாவரவியல் மாணவர்கள் 'ஸ்ட்ரைகா' என்று படிச்சிருப்பீங்க. சோளத்தின் வேரில் தன் வேரைச் சொருகி, உட்கார்ந்த இடத்தில் சாறை உறிஞ்சும். மேலே அழகாகப் பூ பூக்கும், கீழே சோளம் கருகும். இதன் விதை தூசி மாதிரி இருக்கும். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். அந்த விதை மண்ணுக்குள் பத்து வருஷத்துக்கு மேல் கூட உயிரோடு கிடக்கும். சும்மா மழை பெய்ஞ்சா முளைக்காது. பக்கத்தில் வேர் ஒன்று வந்தால் மட்டும் முளைக்கும். எப்படித்தான் தெரியுமோ!

1956-ல் இந்தக் களை அமெரிக்காவில், கரோலினா பகுதி மக்காச்சோளக் காடுகளில் தலைகாட்டியது. அமெரிக்காக்காரங்களுக்கு வந்ததே பயம்! ஆராய்ச்சியை முடுக்கிவிட்டார்கள். வேரில் இருந்து கசியும் ஏதோ ஒரு பொருள்தான் விதையை எழுப்புது, அதைப் பிரித்து எடுக்கணும். 1966-ல் எடுத்தே விட்டார்கள். பெயர் 'ஸ்ட்ரைகால்'. எந்தச் செடியின் வேரில் இருந்து தெரியுமா? பருத்தி!

இங்கேதான் எல்லாருக்கும் தலை சுற்றியது. ஏன்னா, சுடுமல்லி பருத்தியில் ஒட்டாது. விதை முளைக்கும், ஒட்ட வழி இல்லாமல் செத்துப் போகும். கரிசல் காட்டில் பருத்தியும் சோளமும் மாத்தி மாத்தி விதைக்கிற பழைய பழக்கத்துக்கு இப்படி ஒரு பலனும் உண்டு. பருத்தி எழுப்பிவிடும், எழுந்ததெல்லாம் பட்டினியில் காலி. அது நமக்கு லாபம். ஆனா பருத்திக்கு இதில் என்ன லாபம்? அதைவிட, சோளம் எதுக்கு இதே மாதிரிப் பொருளைக் கசியவிட்டு, தன் எதிரியைத் தானே தட்டி எழுப்புது? திருடனுக்கு யாராவது வீட்டு அட்ரஸ் எழுதிப் போடுவாங்களா?

இந்தக் கேள்வி கிட்டத்தட்ட 40 வருஷம் அப்படியே தொங்கிக்கொண்டு இருந்தது. 2005-ல் ஜப்பானில் ஒசாகாவைச் சேர்ந்த அகியாமா குழு, 'நேச்சர்' இதழில் பதிலை எழுதியது. வேர் அந்தப் பொருளைக் கசியவிடுவது சுடுமல்லிக்காக இல்லவே இல்லை. பூஞ்சைக்காக! 'எனக்குப் பாஸ்பேட் இல்லை, யாராவது பக்கத்தில் இருக்கீங்களா?' என்று வேர் கொடுக்கும் மிஸ்டு கால் அது. சுடுமல்லி அந்த நம்பரை ஒட்டுக்கேட்ட வில்லி. அவ்வளவுதான்.

மிஸ்டு கால் தெரியும்தானே? ரீசார்ஜ் பண்ணக் காசு இல்லாத காலத்தில், ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணினா 'பஸ் ஸ்டாண்டில் இறங்கிட்டேன்', ரெண்டு ரிங் விட்டா 'நீயே கூப்பிடு'. உங்க அண்ணன், அக்காவைக் கேட்டா விலாவாரியா சொல்லுவாங்க. வேரும் அதே கஞ்சம்தான். ஒரு கிராமை லட்சம் கோடி பங்கா பிரிச்சு, அதில் சில பங்குகள் இருந்தாலே பூஞ்சை அசையும். அவ்வளவு சின்ன ரிங்.

இந்தக் குடும்பப் பொருட்களுக்கு 'ஸ்ட்ரைகோலாக்டோன்' என்று பெயர். ஈர மண்ணில் இது ரொம்ப நாள் தாங்காது, சிதைஞ்சு போயிடும். குறைன்னு நினைக்கிறீங்களா? அதுதான் இதன் சிறப்பே. நாள்பட நிற்காத வாசனை என்றால், வாசனை வரும்போது வேர் உயிரோடு, ரொம்பப் பக்கத்தில் இருக்குன்னு அர்த்தம். போன மாசம் செத்த வேரின் வாசனையை நம்பி யாரும் ஏமாற வேண்டாம்.

2008-ல் இன்னொரு ஆச்சரியம் வந்தது. இதே பொருள் செடிக்குள் ஹார்மோனாகவும் வேலை செய்யுது, பக்கக் கிளைகள் வெடிக்காமல் அடக்கி வைக்குது என்று ரெண்டு குழுக்கள் கண்டுபிடித்தன. அதாவது, பாஸ்பேட் பஞ்சம் வந்தா செடி ஒரே பொருளை வைத்து உள்ளே 'செலவைக் குறை' என்று வீட்டாரிடம் சொல்லுது, வெளியே 'கொஞ்சம் உதவி பண்ணுங்க' என்று ஊராரிடம் சொல்லுது. நம்ம அம்மாக்கள் மாசக் கடைசியில் பண்ணும் அதே நிர்வாகம்!

இப்போ பூஞ்சையின் பக்கம் வாங்க. ஸ்போர் மண்ணில் கிடக்கு. ஈரம் பட்டதும் யார் கூப்பிடாமலும் முளைச்சு, ஒரு இழையை நீட்டிப் பார்க்கும். அக்கம்பக்கத்தில் வேர் இல்லைன்னா, இழைக்குள் இருக்கிற சரக்கைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டு படுத்துடும். சில வகைகள் இப்படிப் பல தடவை எழுந்து பார்த்துப் படுக்கும். கையில் இருப்பது பாட்டி கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு மாதிரி கொஞ்சூண்டு கொழுப்பு. அது தீர்வதற்குள் வேர் கிடைக்கணும். கிடைக்கலைன்னா கதை முடிஞ்சது. ஏன்னா இந்தக் கோஷ்டிக்குத் தானாகக் கொழுப்பு தயாரிக்கத் தெரியாது. செடிதான் சர்க்கரையோடு கொழுப்பும் ஊட்டுது என்று 2017-ல் தான் உறுதியாச்சு. ஆக, வேருக்காவது இது வசதி சம்பந்தப்பட்ட விஷயம். பூஞ்சைக்கு உயிர் சம்பந்தப்பட்டது.

அப்படிப்பட்ட பூஞ்சைக்கு மிஸ்டு கால் வந்தா என்ன ஆகும்? சோம்பேறித்தனமா போய்க்கொண்டிருந்த ஒற்றை இழை, சட்டென்று விரல் விரலாகக் கிளை பிரியும். சுவாசம் வேகமெடுக்கும். இருட்டு ரூமில் கரண்ட் போனதும் ரெண்டு கையையும் விரிச்சுத் துழாவுவோமே, அந்த மாதிரி. ஏதாவது ஒரு விரலாவது வேரில் படணும்.

பூஞ்சை சும்மாவும் வராது. வரும்போதே பதில் எஸ்.எம்.எஸ். அனுப்பிக்கொண்டே வரும். கைட்டின் தெரியும் இல்லையா, நண்டு ஓட்டில், கரப்பான்பூச்சி மேல் தோலில் இருப்பது. பூஞ்சையின் சுவரிலும் அதுதான். அந்தக் கைட்டினின் சின்னச் சின்னத் துண்டுகள், சிலவற்றில் கொழுப்பு வால் ஒட்டியபடி, வேருக்குப் போய்ச் சேரும். இதில் ஒரு நுட்பம் இருக்கு. செடியைத் தாக்க வரும் நோய்ப் பூஞ்சைக்கும் கைட்டின் சுவர்தான். கைட்டின் வாசனை வந்தாலே 'திருடன்! திருடன்!' என்று அலறுவது செடியின் சுபாவம். அதே வாசனையில், சின்ன வித்தியாசத்தை வைத்து 'இது நம்ம ஆளு' என்று பிரித்துப் பார்க்கணும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கதவு தட்டுற சத்தத்தை வச்சே, வந்தது அப்பாவா வேற யாரோவான்னு கண்டுபிடிக்கிற அம்மா மாதிரி.

செய்தி போய்ச் சேர்ந்ததும் வேரின் செல்லுக்குள், நியூக்ளியஸில் கால்சியம் ஏறி இறங்கும். ஏறும், இறங்கும், ஏறும், இறங்கும். கிராஃப் போட்டுப் பார்த்தா அசல் இ.சி.ஜி. இதயமே இல்லாத ஜந்துவுக்குப் படபடப்பு! உளுந்து, கருவேலம் எல்லாம் வேர்முடிச்சில் ரைசோபியம் பாக்டீரியாவைக் குடிவைக்கும்னு ஸ்கூலில் படிச்சோமே, அந்தப் பாக்டீரியாவும் இதே படபடப்பைத்தான் உண்டாக்குது. பூஞ்சைக்காக வைத்த பழைய கதவில், பின்னாடி வந்த பாக்டீரியா அதே மாதிரி சாவி போட்டு நுழைஞ்சுடுச்சு.

நம்ம ஏரியாக்காரங்களுக்குன்னு ஒரு ஸ்பெஷல் நியூஸ். காடு எரிந்து அணைந்த பிறகு புதுச் செடிகள் குபீர்னு முளைக்கும். எரிந்த செடிகொடியின் புகையில் இருக்கிற 'கேரிக்கின்' என்ற பொருள்தான் விதைகளை எழுப்புது என்று 2004-ல் ஆஸ்திரேலியாவில் கண்டுபிடித்தார்கள். அந்தப் புகையை மோந்து பார்க்கும் 'மூக்கு' செடிக்குள் ஒரு புரதமா இருக்கு. 2015-ல் நெல்லில் சோதிச்சப்போ ஒரு அதிசயம். அந்த மூக்கு இல்லாத நெற்பயிரின் வேரில் பூஞ்சை ஒட்டவே இல்லை. பூஞ்சை அனுப்பின சேதிக்குப் பயிர் திரும்பியும் பார்க்கலை. புகைக்கான மூக்கும் நட்புக்கான மூக்கும் ஒண்ணுதான்! உடனே தீபாவளிப் புகை மரத்துக்கு நல்லதுன்னு கிளம்பிடாதீங்க. இது எரியும் செடிகொடியில் இருந்து வரும் பொருள், பட்டாசு மருந்தில் இருந்து வருவது இல்லை.

சரி, கிளைமாக்ஸ். பூஞ்சையின் விரல் வேரின் தோலைத் தொட்டாச்சு. தொட்ட இடத்தில் பாதம் மாதிரி அகலமா பதிஞ்சு உட்காரும். உடைச்சுக்கொண்டு உள்ளே போகுமா? போகாது. காத்திருக்கும்.

அந்த நேரத்தில் வேர்ச் செல் என்ன பண்ணுது என்பதை இத்தாலியில் தூரின் நகரத்து விஞ்ஞானிகள் 2005-ல் மைக்ரோஸ்கோப்பில் உயிரோடு பார்த்தார்கள். நம்ம குதிரைமசாலின் சொந்தக்காரச் செடி ஒன்றின் வேரில். பூஞ்சை தொட்ட இடத்துக்குக் கீழே செல்லின் நியூக்ளியஸ் நகர்ந்து வந்து நிற்குது. பிறகு அங்கிருந்து கிளம்பி செல்லின் அந்தப் பக்கத்துக்கு நகருது. அது போகும் வழியெல்லாம் சைட்டோபிளாசம் ஒரு குழாய் மாதிரி திரண்டு, ஒரு சுரங்கப்பாதை உருவாகுது. நாலைந்து மணி நேர வேலை. பாதை தயாரான பிறகுதான் பூஞ்சை உள்ளே காலடி வைக்குது, அந்தப் பாதையில் மட்டும். யோசிச்சுப் பாருங்க. வர்றவன் கதவை உடைக்கலை. வீட்டுக்காரம்மாவே சுவரில் வழி வெட்டி, ஹால் வரை கோலம் போட்டு வச்சுட்டு 'வாங்க' என்கிறாள். நான் படித்த விஞ்ஞானச் செய்திகளில் என்னை ஒரு நாள் பூரா பேச விடாமல் பண்ணினது இதுதான்.

உள்ளே போன பூஞ்சை, ஒரு செல்லுக்குள் நுழைந்து கிளை கிளையாகப் பிரிந்து ஒரு குட்டி மரம் மாதிரி நிற்கும். அதன் பெயரே லத்தீனில் 'குறுமரம்' என்கிற அர்த்தத்தில் 'ஆர்பஸ்கியூல்'. வேப்பமரத்தின் வேருக்குள், ஒரு செல்லுக்குள், ஒரு மரம்! கொடுக்கல் வாங்கல் நடக்கும் சந்தை இதுதான். ஆயுசு என்னமோ சில நாள்தான். பாஸ்பேட்டை வாங்கிக்கொள்ளும் வாசல் பழுதாகிப்போன செடிகளில் இந்தக் குறுமரங்கள் சீக்கிரமே சிதைந்துவிட்டதை 2007-ல் கண்டார்கள். சரக்கு கைமாறலைன்னா கடை மூடல். ரொம்ப ரொமான்டிக்கா எல்லாம் நினைச்சுடாதீங்க.

கொடைக்கானலுக்கு டூர் போய் பைன் காட்டில் போஸ் கொடுத்திருப்பீங்க. அங்கே நடப்பது வேற ஸ்டைல். அந்தப் பூஞ்சை செல்லுக்குள் போகவே போகாது. வேர் நுனிக்கு உறை மாதிரி மேலே சுற்றிக்கொண்டு, செல்களுக்கு நடுவில் இருக்கிற சந்தில் மட்டும் வலை பின்னும். மழைக்காலத்தில் பைன் மரத்தடியில் குடை குடையாக நிற்கும் காளான்களில் பல இந்தக் கூட்டாளிகளுடையவைதான். நீலகிரியில் பைன் வேர்களை எடுத்து இதையெல்லாம் ஒவ்வொன்றாகப் படம் பிடித்து விவரித்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நடராஜன், மோகன் போன்றவர்கள். 1990-களின் தொடக்கத்தில் வெளிவந்த அவர்களுடைய கட்டுரைகளை பாட்டனி மக்கள் தேடிப் படிக்கலாம்.

இந்தப் பழக்கம் எப்போ ஆரம்பிச்சது? ஸ்காட்லாந்தில் ரைனி என்ற கிராமத்துப் பாறையில், 40 கோடி வருஷத்துக்கு முந்தைய செடிகள் கல்லாகிக் கிடக்கின்றன. அறுத்துப் பார்த்தால் தண்டுக்குள் இதே குறுமரங்கள். அந்தச் செடிகளுக்கு வேர் என்று ஒன்று சரியாக உருவாகவே இல்லை. வேர் வரும் முன்னாலேயே பூஞ்சை வந்தாச்சு.

இப்போ எங்க நூறு வேப்பங்கன்றுக்குத் திரும்பி வரேன். நாங்க பண்ணின தப்பு என்னன்னு உங்களுக்கே இந்நேரம் புரிஞ்சிருக்கும்.

ஒண்ணு, மேல் மண்ணை வழிச்ச இடம். ஸ்போரும், பழைய வேர்த்துண்டும், இழைப் பின்னலும் இருப்பது பெரும்பாலும் அந்த மேல் மண்ணில்தான். அது டிராக்டர் ஏறி எங்கேயோ போயிடுச்சு. கன்று மிஸ்டு கால் கொடுத்தாலும் எடுக்க ஆள் இல்லை.

ரெண்டாவது, அந்தக் கை நிறைய டி.ஏ.பி. அதில் பாதிக்குக் கிட்டத்தட்டப் பாஸ்பேட் சத்து. வேர் பக்கத்திலேயே கரையும் பாஸ்பேட்டைக் கொட்டினா, வேர் எதுக்குக் கூப்பிடும்? ஸ்ட்ரைகோலாக்டோன் கசிவதையே குறைச்சுடும். வந்த பூஞ்சைக்கும் கதவு லேசில் திறக்காது. முதல் கொஞ்ச நாள் கன்று பச்சைப்பசேல்னு இருக்கும். உரம் தீர்ந்து, மீதியை மண் இறுக்கிக்கொண்ட பிறகு, சித்திரை வெயிலில் தனியா நிக்கும். அப்போ கூப்பிட ஆரம்பிச்சா எப்போ ஆள் வர்றது? பாசத்தைக் கொட்டிக் கெடுத்தோம்னு சொல்லுவாங்களே, அதேதான். உரமே போடாதீங்கன்னு நான் சொல்லலை. விவசாயம் பண்றவங்களுக்கு அது கட்டுப்படியாகாத பேச்சு. நடுற அன்னிக்கு, குழிக்குள், கை நிறைய என்பதுதான் வம்பு.

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பக்கமும் நம்மைப் போலவே வெடிக்கும் கறுப்பு மண். அங்கே நிலத்தை ஒரு புல் பூண்டு இல்லாமல் நீண்ட நாள் சும்மா போட்டுட்டு, அப்புறம் விதைச்சா பயிர் குன்றிப் போகும். காரணம் தெரியாமல் 'நீண்ட தரிசுக் கோளாறு' என்று பெயர் மட்டும் வைத்திருந்தார்கள். 1987-ல் தாம்சன் என்பவர் காரணத்தைச் சொன்னார். வேர் இல்லாத மண்ணில் பூஞ்சை பட்டினியால் குறைஞ்சு போயிடுது. ஆகவே களையே இல்லாத சுத்தமான தரிசைவிட, நாலு செடி முளைச்சுக் கிடக்கும் தரிசு பூஞ்சைக்கு நல்லது. நம்ம பக்கத்துத் தரிசு முழுக்க சீமைக்கருவேலம்தான். அதைத் திட்ட நூறு காரணம் உண்டு, நானும் திட்டுவேன். ஆனா அதன் வேரிலும் இந்தப் பூஞ்சை வாழுது என்பதையும் சொல்லித்தானே ஆகணும்?

இந்த வருஷம் உங்க காலேஜில் மரம் நடுறாங்களா? குழியில் உரத்தைக் கொட்டுற ஆள் பக்கத்தில் நில்லுங்க. பக்கத்தில் நன்றாக இருக்கிற அதே வகைப் பழைய மரத்தடியில், இலைச்சருகை ஒதுக்கிட்டு, மெல்லிய வேரோடு சேர்ந்த மண் ரெண்டு கை எடுத்துக் குழியில் போடுங்க. மரம் நோயில்லாததா இருக்கணும், அதைப் பார்த்துக்குங்க. இல்லைன்னா வேம் வாங்கிக்கலாம். இதைத் தனியா வளர்க்கிறது கஷ்டம்னு மக்காச்சோளம் மாதிரி ஒரு பயிரின் வேரில் வைத்துத்தான் பெருக்குகிறார்கள். நர்சரியில் பாலித்தீன் பைக்கு 5 முதல் 10 கிராம் போதும். மேலே தூவினா பிரயோஜனம் இல்லை. வேர் போகிற வழியில், விதைக்கோ நாற்றுக்கோ கொஞ்சம் கீழே இருக்கணும். முதல் சந்திப்பு நடக்க வேண்டிய இடம் அதுதானே.

இதை நேரிலேயே பார்க்கணும்னு ஆசையா? பாட்டனி லேப் சாவி உங்க கையில் இருந்தால் ஒரு மத்தியானம் போதும். வேப்பமர வேர் கொஞ்சம் முரட்டு சாதி, முதல் தடவைக்கு வெங்காயம் அல்லது சோளத்தின் மெல்லிய வேர் எடுங்க. நன்றாகக் கழுவி, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சில நிமிஷம் கொதிக்க விடுங்க. (கை, கண் பத்திரம். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, மேடத்தைக் கூட வைத்துக்கொண்டு.) தண்ணீரில் அலசுங்க. பிறகு சமையல் வினிகரில் 5 சதவீதம் பேனா மை கலந்து, அதில் மூன்று நிமிஷம். ஆமாங்க, சாதாரண மை பேனாவுக்கு ஊற்றும் மை! விலை உயர்ந்த சாயம் எதுவும் வேண்டாம் என்று 1998-லேயே நிரூபித்திருக்கிறார்கள். கடைசியில் ரெண்டு சொட்டு வினிகர் விட்ட தண்ணீரில் போட்டு அதிகப்படி மையைப் போக்கி, ஸ்லைடில் வைத்து லேசாக அமுக்கிப் பாருங்க.

முதல் தடவை எனக்கு ஒண்ணும் தெரியலை. ரெண்டாவது தடவையும் தெரியலை. நாலாவது வேர்த்துண்டில், ஒரு செல்லுக்குள் நீலமா ஒரு குட்டி வேப்பமரம் நின்னுச்சு. லேபில் இருந்த ஏழு பேரும் வரிசை கட்டிப் பார்த்தோம். உங்களுக்குக் கிடைச்சா செல்போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்க. மையை மட்டும் சட்டையில் கொட்டிக்காதீங்க. வேரைவிட அதில் நல்லாப் பிடிக்குது.